விதைநெல் யார் கையில்?



நெற்குப்பை என்னும் ஊர்ப்பெயரைப் புதிதாகக் கேட்பவர்கள் சிரிப்பதுண்டு. பழந்தமிழில் குப்பை என்றால் குவியல். வானம் பார்த்த நம் சிவகங்கைச் சீமையில், கண்மாய் நிறைந்தால்தான் விளைச்சல். அப்படிப்பட்ட மண்ணில் நெல்லைப் பெயரிலேயே வைத்திருக்கிற ஊர் அது. பட்டினி கிடந்தாலும் விதைநெல்லில் கைவைக்காதவர்கள் நம் முன்னோர்.

யோசேப்பு எகிப்தில் தானியம் சேர்த்து மக்களைக் காத்ததை நாம் மறையுரைகளில் பாராட்டுகிறோம். ஆனால் தொடக்கநூல் 47ஆம் அதிகாரத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். அங்கே மக்கள் முதலில் பணத்தைக் கொடுக்கிறார்கள். அடுத்து ஆடுமாடுகள். கடைசியில் நிலத்தையும் தங்களையுமே பார்வோனுக்கு விற்றுவிட்டு, விதை கேட்டு நிற்கிறார்கள். விதை கிடைக்கிறது; விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு அரண்மனைக்கு. உயிர் பிழைத்தார்கள், உண்மைதான். ஆனால் அடிமைகளாக.

இது பழங்கதை அல்ல. 2019இல் குஜராத்தில், சிப்ஸ் தயாரிக்கும் ஓர் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதற்காக நான்கு விவசாயிகள்மீது பெப்சிகோ நிறுவனம் தலா ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. சில ஏக்கர் நிலம் வைத்திருப்பவர் தலைமுறை தலைமுறையாக உழைத்தாலும் காணாத தொகை! நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபின் வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ரகத்தின் பதிவை 2021இல் உரிய ஆணையம் ரத்து செய்தது. 2024இல் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கிவிட்டது. வழக்காடும் வசதி யாருக்கு உண்டு என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

புதிய ரகங்களே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உழைத்து உருவாக்கியவருக்கு ஊதியம் வேண்டும். ஆனால் விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பகிரவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று நமது 2001ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நிறுவனப் பெயரிட்ட விதையாக மட்டும் விற்கக்கூடாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ மடலிலும், நிலமும் விதையும் சிலரிடம் குவிந்து சிறு விவசாயிகள் மறைவதைக் கண்டிக்கிறார். அன்றாட உணவுக்காகத் தினமும் செபிக்கிற நமக்கு, அது யாருடைய தயவில் வருகிறது என்று கேட்கும் கடமை இல்லையா?

வரும் பொங்கல் திருப்பலிக்குப் புதுநெல்லோடு, வீட்டில் எடுத்துவைத்த விதையும் ஒரு படி கொண்டு வாருங்கள். சித்திரைக்கார் இன்னும் வைத்திருக்கும் பெரியவர்கள் மறக்காமல் வரவேண்டும். மந்திரித்தபின், இல்லாதவர்களோடு பகிர்ந்துகொள்வோம்.