மூடியின் மறுபக்கம்



ஏறக்குறைய ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், சில விரற்கடை உயரம். கறுப்பு மெருகின் மேல் தங்கத்தூளால் வரைந்த நிலவும் புல்லும். ஜப்பானில் இதை சுசுரிபாகோ என்பார்கள். நாம் எழுதுபெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். உலகம் முழுவதும் இந்தப் பழைய பெட்டிகளைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கியதும் பலர் அதைக் கண்ணாடி அலமாரியில் மூடியபடியே வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். திறப்பதற்காகச் செய்த பொருள் அது.

திறந்தால் உள்ளே ஒரு மைக்கல். பக்கத்தில் உலோகத்தால் ஆன சின்ன நீர்ச்சிமிழ். தூரிகைகள், மைக்கட்டி, சில பெட்டிகளில் காகிதம் வெட்ட ஒரு சிறு கத்தி. விளக்குப் புகைக்கரியையும் விலங்குப் பசையையும் பிசைந்து உலர்த்தியது அந்த மைக்கட்டி. சிமிழிலிருந்து கல்லின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, சந்தனம் அரைப்பதுபோல் நிதானமாக அரைத்தால் மை கிடைக்கும். எழுத உட்கார்ந்தவர் முதல் எழுத்துக்கு முன்பே சற்று நேரம் பெட்டியைப் பார்த்தபடி இருந்தாக வேண்டும். பெட்டியைச் செய்த கலைஞருக்கு அது தெரியும். அதனால்தான் மூடியின் உட்புறத்திலும் அவர் சித்திரம் எழுதினார்.

மேலே பூசியிருப்பது உருஷி என்ற மரப்பால். நம் ஊர் அரக்கு பூச்சி தருவது. இது மரம் தருவது. மாவும் முந்திரியும் சேங்கொட்டையும் சேர்ந்த குடும்பத்து மரம். சலவைத் தொழிலாளர்கள் துணிக்குக் குறி போட்ட சேங்கொட்டைப் பால் தோலில் பட்டால் என்ன ஆகும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். ஈர உருஷியும் அப்படித்தான் கொப்புளிக்கவைக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரத்தைக் கீறி ஒரு பருவம் முழுவதும் பால் எடுத்தால் சுமார் 200 கிராம் கிடைக்கும். அத்தோடு மரத்தை வெட்டிவிடுவார்கள். அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். இந்தப் பால் இறுகுவதற்கு வெயில் உதவாது. காற்றில் 70, 80 சதவீதம் ஈரம் இருக்கும் பேழைக்குள் வைத்தால்தான், பாலில் உள்ள ஒரு நொதி வேலை செய்து கல்போல் கெட்டியாகும். ஒவ்வொரு பூச்சுக்கும் இந்தக் காத்திருப்பு உண்டு.

தங்கச் சித்திரத்துக்கு மகி-எ என்று பெயர். எலியின் முடியால் செய்த மெல்லிய தூரிகையால் உருஷியில் கோடு இழுப்பார்கள். அது ஈரமாக இருக்கும்போதே, நுனியில் பட்டுத்துணி கட்டிய சிறு குழாயில் தங்கத்தூளை நிரப்பி விரலால் தட்டித் தட்டித் தூவுவார்கள். கோட்டில் பட்ட தூள் ஒட்டும். மற்றதைத் துடைத்து எடுத்துவிடுவார்கள். சில வேலைப்பாடுகளில், எழுதிய சித்திரத்தின் மேல் மறுபடி கறுப்பு உருஷியைப் பூசி முழுக்க மறைத்துவிட்டு, பிறகு கரித்துண்டால் தேய்த்துத் தேய்த்துத் தங்கத்தை வெளியே கொண்டுவருவார்கள். அப்படிப்பட்ட சித்திரத்தைத் தடவினால் கோடு எங்கே, கறுப்பு எங்கே என்று விரலுக்குத் தெரியாது.

இத்தகைய எழுதுபெட்டிகளில் என்னை அதிகம் ஈர்ப்பவை இரண்டு. இரண்டும் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் தேசியச் செல்வங்கள். ஒன்று ஹொனாமி கோஎட்சு என்பவர் பேரில் உள்ளது. 1558இல் பிறந்து 1637இல் மறைந்த கியோட்டோக்காரர் அவர். இந்தப் பெட்டியின் மூடி மேடுபோல் உப்பி நிற்கிறது. தங்க அலைகளின் மேல் வரிசையாகப் படகுகள். அவற்றின் குறுக்கே கறுத்த ஈயத் தகட்டால் ஒரு பாலம். அதன் மேல் வெள்ளியால் வெட்டிப் பதித்த எழுத்துகளில் பத்தாம் நூற்றாண்டுக் கவிதை ஒன்று ஓடுகிறது. அந்தக் கவிதையில் படகுப்பாலம் என்ற சொல் மட்டும் எழுதப்படவில்லை. ஈயத் தகடுதான் அந்தச் சொல். கவிதையை அறிந்தவர் அந்த இடத்தைத் தாமே நிரப்பிக்கொள்வார். பளபளக்கும் தங்கத்தின் நடுவே ஈயத்தை வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இன்னொன்று ஒகாதா கோரின் என்ற கலைஞர் செய்தது. கறுப்பில் நீலப் பச்சையாக மின்னும் கிளிஞ்சல் பூக்கள், வளைந்து போகும் ஈயப் பாலம். 'இசே மோனோகதாரி' என்ற பழைய ஜப்பானியக் கதையில் நாயகன் நின்று கவிதை சொன்ன இடம் அது. ஆனால் பெட்டியில் நாயகன் இல்லை, ஆறும் இல்லை. தண்ணீர் எங்கே என்றால், காகிதம் வைக்கும் கீழ்த்தட்டின் உள்ளேயும் பெட்டியின் அடியிலும் தங்க அலைகளாக இருக்கிறது. பெட்டியைத் திறக்காமலும் தூக்கிப் பார்க்காமலும் இருப்பவர் ஆற்றைப் பார்க்கவே முடியாது.

1868இல் ஆட்சி மாறிய பிறகு ஜப்பானின் பிரபுக் குடும்பங்கள் வருமானம் இழந்தன. வீட்டிலிருந்த பெட்டிகள் பல விற்பனைக்கு வந்தன. லண்டனிலும் நியூயார்க்கிலும் ஜெனீவாவிலும் இன்று நாம் காணும் சேகரங்கள் அதற்குப் பிறகு வளர்ந்தவை.

வாங்க நினைக்கிறவருக்கு நான் சொல்வது இதுதான். கையெழுத்தைத் தேடி ஓடாதீர்கள். பழைய பெட்டிகளில் பெரும்பாலும் கையெழுத்தே கிடையாது. பின்னாளில் யாரோ புகழ்பெற்ற பெயரைச் சேர்த்திருப்பதும் உண்டு. மூடியைத் திருப்புங்கள். வெளியே நிலவும் புல்லும் என்றால், உள்ளே அந்தப் புல்லின் நடுவே ஒரு மான் நிற்கலாம். வெளிப்படமும் உட்படமும் ஒரே கையின் வேலையா? நீர்ச்சிமிழ் அதன் குழியில் சரியாக உட்கார்கிறதா? அசலாக இருந்தது தொலைந்துபோய், வேறு பெட்டியிலிருந்து எடுத்து வைத்த சிமிழ் கொஞ்சம் ஆடும். மைக்கல்லில் தேய்ந்த தடம் இருந்தால் எனக்குச் சந்தோஷம். யாரோ அதில் மை அரைத்திருக்கிறார்கள். பெட்டியை வைக்கும் சாதாரண மர உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; அதன் மேல் மையால் எழுதியிருக்கும் குறிப்புதான் பல நேரங்களில் பெட்டியின் வரலாறு. தந்தமோ ஆமை ஓடோ பதித்திருந்தால், வெளிநாட்டிலிருந்து கொண்டுவரச் சட்டம் தடுக்கலாம், முதலிலேயே விசாரியுங்கள்.

பழுது பார்த்த இடங்களையும் கூர்ந்து பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயிலிருந்து ஒரு மலிவான பூச்சு வந்தது. பார்வைக்கு உருஷி மாதிரியே இருக்கும். புதுப் பொருளுக்கு அது தப்பில்லை. 200 ஆண்டுப் பழைய பெட்டியின் மூலையில் அதைப் பூசியிருந்தால் நான் விலகிவிடுவேன். தேய்ந்த மூலை தேய்ந்தே இருக்கட்டும்.

வாங்கிய பின் பாதுகாப்பது எப்படி? 1873இல் வியன்னா உலகக் கண்காட்சிக்குப் போன ஜப்பானியப் பொருள்களை ஏற்றிக்கொண்டு திரும்பிய 'நீல்' என்ற பிரெஞ்சுக் கப்பல், மறு ஆண்டு இசு தீபகற்பத்தின் அருகே மூழ்கியது. ஒரு வருடத்துக்கும் மேல் கழித்துச் சில பொருள்களை மேலே எடுத்தார்கள். உப்புத் தண்ணீரில் அத்தனை காலம் கிடந்த உருஷிப் பொருள்கள் பெரிய சேதமின்றி வந்தன. அப்படிப்பட்ட உருஷியை ஜன்னல் வெயில் சில ஆண்டுகளிலேயே மங்கவைத்துவிடும். போன பளபளப்பு திரும்பாது. இடைவிடாமல் ஏசி ஓடும் அறையின் வறண்ட காற்றில் உள்ளிருக்கும் மரம் சுருங்கி, மேல்பூச்சு வெடிக்கும். ஆகவே இருட்டில், மரப்பெட்டிக்குள், துணி சுற்றி வையுங்கள். எடுக்கும்போது மோதிரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும், மேசைக்கு மேல் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். எண்ணெயோ மெழுகோ தடவவே வேண்டாம்.

வெளிச்சத்துக்குப் பயந்து அருங்காட்சியகங்களும் இவற்றைச் சில வாரங்கள்தான் காட்சிக்கு வைக்கின்றன. தோக்கியோ போகிறவர்கள் கோஎட்சுவின் பெட்டி வெளியே இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். போக முடியாதவர்களுக்கு, ஜப்பானின் தேசிய அருங்காட்சியகங்கள் தங்கள் செல்வங்களின் பெரிய படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. கோரினின் அலைகளை அங்கே நிதானமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.