கேமிங் மடிக்கணினியும் ஸ்டிக்கரில் இல்லாத எழுத்தும்

(மரக்காணம் ஒன்றியத்தில் நடந்த குறுவளமையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கேமிங் மடிக்கணினிக்கு எந்த புராசசர் நல்லது என்பது குறுவளமையத்தில் பேசவேண்டிய பொருளா என்று உங்களில் சிலர் நினைப்பது தெரிகிறது. மேல்நிலை வகுப்புகளில் உயர்கல்வி வழிகாட்டியாக இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும் எந்தக் கல்லூரி என்று கேட்கிறார்கள். சேர்க்கை முடிந்த மறுநாளே எந்த லேப்டாப் என்று கேட்கிறார்கள். கணினி தெரிந்தவர் வீட்டில் யாரும் இல்லாத குடும்பம் நம்மிடம்தான் வந்து நிற்கிறது.

சென்ற ஆண்டு உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு தாய் வந்தார். மகனுக்கு அனிமேஷன், கேம் டிசைன் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. “டீச்சர், பையன் ஐ செவன்தான் வேணும்ங்கிறான். கடைக்காரரும் அதான் பெரிசுங்கிறாரு. குழுவுல கடன் எடுத்துடலாமா?” என்று கேட்டார். அவர் குடும்பத்தின் கணக்கு நமக்குத் தெரியும். மழைக்காலம் வந்தால் அளத்தில் வேலை இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அந்த மூன்று மாதத்துக்கு அரசு தரும் நிவாரணம் ரூ.5,000. மகன் கேட்ட கணினியின் விலை அதைப்போல் பதினைந்து மடங்கு. அந்தக் கேள்விக்கு “எது நல்லதோ அதை வாங்குங்கம்மா” என்று பதில் சொல்லி அனுப்ப முடியாது.

பேச்சுக்குள் போகுமுன் ஒன்று. கேமிங் என்றதும் நம்மில் பலருக்கு ஆன்லைன் ரம்மிதான் நினைவுக்கு வருகிறது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. அதே சட்டம் மின்விளையாட்டுப் போட்டிகளை விளையாட்டாக ஏற்றுக்கொள்கிறது. நான் பேசுவது இந்த இரண்டாவது வகையையும், விளையாட்டுகளை உருவாக்கும் படிப்பையும் பற்றி.

சொல்லிலும் ஒரு சிக்கல். பாடநூல் நுண்செயலி என்கிறது. செய்தித்தாளில் செயலி என்றால் கைப்பேசி ஆப். எனவே கடையில் சொல்வது போல புராசசர் என்றே சொல்லிவிடுகிறேன்.

விளையாட்டு ஓடும்போது திரையில் படம் நொடிக்கு 60 முறை மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. நொடிக்கு 144 படம் என்றால் 7 மில்லிநொடிகூட இல்லை. அந்த நேரத்துக்குள் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது, பந்து எங்கே போகிறது, எது எதில் மோதியது, எதிராளி அடுத்து என்ன செய்வான் என்பதையெல்லாம் புராசசர் கணக்கிட்டு முடிக்கிறது. அந்தக் கணக்கை வாங்கிப் படமாக வரைவது கிராபிக்ஸ் சிப். இரண்டில் எது பின்தங்கினாலும் மற்றது காத்திருக்கும். ஆகவே கேமிங் கணினிக்குப் புராசசரை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. இதற்குப் பிறகு வருகிறேன்.

கோர் எத்தனை என்று மாணவர்கள் முதலில் கேட்கிறார்கள். விடைத்தாள் திருத்தும் மையத்தை நினைத்துப் பாருங்கள். 40 விடைத்தாள் கட்டைப் பத்து பேர் பிரித்துக்கொண்டால் சீக்கிரம் முடியும். ஒரே விடைத்தாளைப் பத்து பேர் சேர்ந்து திருத்த முடியாது. பெரும்பாலான விளையாட்டுகளில் முக்கியமான கணக்கு அந்த ஒற்றை விடைத்தாளைப் போன்றது. அதைத் திருத்தும் ஒருவர் எவ்வளவு வேகம் என்பதுதான் பெரிது. வேலோரன்ட் போன்ற விளையாட்டுகளில் இது நன்றாகவே தெரியும். பிளெண்டரில் முப்பரிமாணப் படத்தைப் புராசசரைக் கொண்டு உருவாக்குவதும், அன்ரியல் எஞ்சினில் ஒரு திட்டத்தைத் தொகுப்பதும் 40 விடைத்தாள் கட்டு. அங்கே கோர் கூடக்கூட நேரம் குறையும். விளையாட மட்டுமா, உருவாக்கவுமா என்று மாணவரிடம் கேட்காமல் எந்தப் பெயரையும் சொல்லக்கூடாது.

அந்தத் தாய் காட்டிய விளம்பரத் தாளில் இருந்த இரண்டு இன்டெல் சிப்களையே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று ஐ7-1255யு. மற்றது ஐ5-12450எச். இரண்டும் 12ஆம் தலைமுறை. முதலாவதில் 10 கோர், இரண்டாவதில் 8. உச்ச வேகம் முதலாவதில் 4.7 கிகாஹெர்ட்ஸ், இரண்டாவதில் 4.4. தாளைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஐ7 முந்துகிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

இப்போது கடைசி எழுத்தைப் பாருங்கள். யு என்பது மெல்லிய, பேட்டரி நீடிக்க வேண்டிய கணினிக்கான சிப். அதன் அடிப்படை மின்திறன் 15 வாட். எச் என்பது 45 வாட். அந்த 10 கோரில் வலுவானவை இரண்டே இரண்டு. மீதி எட்டும் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் சிறிய கோர்கள். ஐ5-இல் வலுவானவை நான்கு. இணையப் பக்கம் திறக்க, கடிதம் தட்டச்சு செய்ய அந்த ஐ7 சுறுசுறுப்பாகவே இருக்கும். ஒரு மணி நேரம் விடாமல் விளையாட்டை ஓட்டினால் ஐ5 நிலையாக நிற்கும். கணினியின் கைவைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஐ7 என்பது மட்டும் இருக்கும். அந்தக் கடைசி எழுத்து அதில் இருக்காது.

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் சிப்களில் இது இன்னும் வேடிக்கை. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் இது இடமதிப்புப் பாடம். 7000 வரிசையில் முதல் இலக்கம் மாடல் ஆண்டைக் குறிக்கிறது. 7 என்றால் 2023. மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எது என்று சொல்கிறது. ரைசன் 5 7520யு என்பதில் மூன்றாம் இலக்கம் 2. அதாவது 2019இல் முதலில் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கே கோர். 2021இல் வந்த ரைசன் 5 5600எச்-இல் ஜென் 3, ஆறு கோர். 7520 என்பது 5600ஐ விடப் பெரிய எண். விளையாட்டுக்கு 5600எச்தான் மேல். இந்த இலக்க முறையும் நிலையாக இல்லை. ஏஎம்டி 2024இல் ரைசன் ஏஐ என்று பெயரை மாற்றியது. இன்டெல் 2023 டிசம்பரில் ஐ என்ற எழுத்தை விட்டுவிட்டு கோர் அல்ட்ரா என்று தொடங்கியது. முழுப் பெயரையும் எழுதிக்கொண்டு வந்து தேடிப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

அடுத்தது வெப்பம். நம் ஊருக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். புராசசர் உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது. இந்த வகைச் சிப்கள் சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதை நெருங்கினால் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அளத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு உப்பு வாரும் வேகம் பதினொரு மணி வெயிலில் யாருக்கும் இருப்பதில்லை அல்லவா? அதேதான். குளிரூட்டிய கடைக்குள் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டும் விளையாட்டுக்கும், மே மாதம் கூரைத் தகட்டுக்கு அடியில் ஓடும் விளையாட்டுக்கும் நிறைய வேறுபாடு உண்டு. ஆகவே ஒரே புராசசர் இருக்கும் இரண்டு மாடல்களில், தடிமனாகவும் இரண்டு விசிறியோடும் இருப்பதைச் சொல்லுங்கள். இளைஞர்களுக்கு மெல்லியதுதான் பிடிக்கும். பரவாயில்லை. உப்புக்காற்று வரும் சன்னலுக்கு நேராக வைக்க வேண்டாம், மெத்தை மேல் வைத்து விளையாட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லலாம். இன்னொன்று, பெரும்பாலான கேமிங் கணினிகள் சார்ஜர் இணைக்கப்பட்டிருந்தால்தான் முழு வேகம் தரும். மின்தடை அடிக்கடி வரும் ஊர்களில் இதையும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கிராபிக்ஸ் சிப்புக்கு வருகிறேன் என்றேன். விளையாட்டுக்காக வாங்கும்போது பணத்தை முதலில் அங்கே ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆர்டிஎக்ஸ் 4050 மடிக்கணினி வகையில் 6 ஜிபி நினைவகம் இருக்கிறது. ஆனால் அதே பெயரில் கணினித் தயாரிப்பாளர் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதை வேண்டுமானாலும் வைக்கலாம். இதுவும் ஸ்டிக்கரில் வராது. நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பட்டியலில் பார்க்கவேண்டும். நடுத்தர ஐ5 எச் அல்லது ரைசன் 5 எச் வகைப் புராசசரோடு நல்ல வாட் உள்ள கிராபிக்ஸ் என்பது, ஐ9 புராசசரோடு நலிந்த கிராபிக்ஸ் என்பதைவிட எப்போதும் நல்ல வாங்கல். நினைவகம் 16 ஜிபி, 8 ஜிபி அட்டை இரண்டாக இருந்தால் மேல். ஒரே அட்டையாக வந்தால் இன்னொன்று செருக இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

அந்தப் பையனையும் தாயையும் உட்காரவைத்துப் பேசினேன். அவனுக்கு விளையாடுவதைவிட வரைவதில்தான் ஆர்வம். பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தோம். முதல் ஆண்டில் ஓவியம், அடிப்படை நிரலாக்கம், இருபரிமாண விளையாட்டு. அதற்குக் கல்லூரி ஆய்வகமே போதும். முப்பரிமாணம் இரண்டாம் ஆண்டில்தான் வருகிறது. ஓராண்டு பொறுத்து வாங்கலாம் என்று முடிவாயிற்று. பையன் முகம் வாடியது உண்மைதான். எல்லோருக்கும் இது பொருந்தாது. முதல் பருவத்திலேயே முப்பரிமாணப் பாடம் வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு. அப்படியானால் தள்ளிப்போடச் சொல்வது தவறான அறிவுரையாகிவிடும். கணினி அறிவியலோ வணிகவியலோ படிக்கப் போகிறவருக்குக் கேமிங் கணினியே தேவையில்லை. நிரல் எழுத ஐ3, ரைசன் 3 போதும். அரசு மடிக்கணினி கிடைக்கும் வாய்ப்பு உள்ளவரா என்பதையும் கல்லூரியில் கேட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

கடையில் என்ன செய்வது? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் புராசசரின் முழுப் பெயர் மேலே வலப்பக்கம் தெரியும். அதைத் தாளில் அப்படியே எழுதிக்கொள்ளலாம். அதே இடத்தில் அந்த நொடியின் வேகமும் ஓடிக்கொண்டிருக்கும். கடைக்காரர் ஒத்துக்கொண்டால் ஒரு விளையாட்டை இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, தொடக்க வேகத்தையும் இறுதி வேகத்தையும் ஒப்பிடலாம். இருபது நிமிடம் ஓட்டவிடாத கடையும் உண்டு. அப்போது அந்த மாடலை நீண்ட நேரம் சோதித்த காணொலிகளைப் பார்த்துவிட்டுப் போவதே வழி. பழுதானால் திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ அந்த நிறுவனத்தின் சேவை மையம் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுமுன் விசாரிக்க வேண்டும். சென்னைக்கு ஒருமுறை போய்வர அளத்தில் ஒரு நாள் கூலி போய்விடும்.

இரண்டு மடிக்கணினிகளைக் கொண்டுவந்திருக்கிறேன். மேசை மேல் இருக்கின்றன. ஸ்டிக்கரைக் காகிதம் ஒட்டி மறைத்திருக்கிறேன். நான்கு நான்கு பேராக வந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எது விளையாட்டுக்கு ஏற்றது என்று எழுதித் தாருங்கள். பிறகு காகிதத்தை எடுத்துப் பார்ப்போம்.