காணாததைக் காட்டும் ஒளி

(திருநெல்வேலியில் நடந்த பொதுக்கூட்டமொன்றில் பேசியது)



நம் கூட்டங்களில் அடிக்கடி ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. "கண்ணால் காணாததை நம்பாதே என்கிறீர்களே, மூலக்கூறு மூலக்கூறு என்கிறார்களே, அதை நீர் கண்டீரா?" என்று. கேட்பவர் கேலிக்காகக் கேட்டாலும் கேள்வி நல்ல கேள்விதான். ஆகவே இன்று அதற்கே பதில் சொல்ல எண்ணுகிறேன்.

சந்தையில் மண்பானை வாங்கும் பெண்கள் என்ன செய்கிறார்கள்? விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். நல்ல பானைக்கு ஒரு சத்தம், கீறலுக்கு ஒரு சத்தம். கீறல் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. மூலக்கூறு என்பது சில அணுக்கள் சேர்ந்த சிறு கூட்டம். அது ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது; ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி அதிர்வு உண்டு. ஒரே நிறமுள்ள ஒளியை அதன்மேல் விட்டால், சிதறும் ஒளியில் பெரும்பாகம் போன நிறத்திலேயே திரும்பும். சுமார் கோடியில் ஒரு பங்கு மாத்திரம் தன் சக்தியில் கொஞ்சத்தை அந்த அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு, நிறம் மாறி வரும். எவ்வளவு மாறிற்று என்று அளந்தால் இன்ன மூலக்கூறு என்று சொல்லிவிடலாம்.

இதைக் கண்டவர் சர். சி.வி. ராமன். அயோத்தி ராமனல்ல தோழர்களே, 1888ல் திருச்சியில் பிறந்த ராமன்! கண்ட நாள் 1928 பிப்ரவரி 28, இடம் கல்கத்தா. கூட இருந்து உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். அவர் பிறந்த 1898ல் அவ்வூர் நம் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. ஆனால் 1930ல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே வந்தது. கருவியோ வெகு சாமான்யம்: சூரிய வெளிச்சம், ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி, சில வர்ணக் கண்ணாடிகள், பிறகு மனிதன் கண்.

நிற்க. ராமன் பெரியவர், ஆகையால் நம்புங்கள் என்று யாராவது சொன்னார்களா? அதே 1928ல் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பர்க், மாண்டல்ஸ்டாம் என்ற இருவர், கல்கத்தா சங்கதி தெரியாமலே, படிகக்கல்லில் அதே மாறுதலைக் கண்டார்கள். அமெரிக்காவில் உட் என்பவர் தாமே செய்து பார்த்து, ஆம் என்றார். ஞானக்கண்காரரிடம் போய் எனக்கும் காட்டும் என்றால், உனக்குப் பக்குவம் போதாது என்கிறார். இந்த ஒளி யாரிடமும் பக்குவம் கேட்கவில்லை.

1960ல் லேசர் ஒளி வந்தது. 1970க்குப் பிற்பட்ட வருஷங்களில் அதை மைக்ராஸ்கோப்போடு சேர்த்தார்கள். தலைமயிரின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குள்ள சிறு புள்ளியாக ஒளியைக் குவிக்கலாம். நம் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த அம்பை 16 அரிசி ஒன்றை, தவிடு போகாமல் குறுக்கே சீவி அடியில் வைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி புள்ளியாக நகர்த்தி, வரும் ஒளியை அளக்க வேண்டும். நிறமாற்றத்துக்கு அவர்கள் எண் வைத்திருக்கிறார்கள். 480க்கு அருகில் கோடு எழுந்தால் மாவு, 1003ல் புரதம், 2850ல் கொழுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வர்ணம் கொடுத்தால், மேலே தவிட்டில் எண்ணெய், உள்ளே மாவு என்று பூகோளப் படம்போல் வந்துவிடும். வரிசைக்கு நூறு புள்ளியாக நூறு வரிசை, புள்ளிக்கு ஒரு வினாடி என்றால், ஒரு படத்துக்கு ஏறக்குறைய இரண்டேமுக்கால் மணி நேரம். பொறுமை வேண்டும்தான். ஆனால் சாயம் ஏற்ற வேண்டாம். தண்ணீரும் அதிகம் இடைஞ்சல் செய்வதில்லை. ஆதலால் உயிருள்ள பொருளை ஈரத்தோடே பார்க்கலாம்.

இரத்தத்தையும் இப்படிப் பார்க்கிறார்கள். சிவப்பணுவில் பிராணவாயு ஏறியிருக்கிறதா இல்லையா என்பதை அந்தக் கோடுகள் காட்டுகின்றன. அக்கிரகாரத்து இரத்தமா, சேரி இரத்தமா என்பதற்கு அங்கே கோடு இல்லை!

2008ல் இரண்டு லேசர்களைச் சேர்த்து, மிகத் துரிதமாகப் படம் எடுக்கும் முறை வந்தது. 2017ல் அமெரிக்க வைத்தியர்கள், மூளைக் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை அறுவை அறையிலேயே வைத்து, சில நிமிஷத்தில் நோயுள்ள பாகத்தை அறியலாம் என்று காட்டினார்கள்.

குறையும் உண்டு. சில பொருள்கள் தாமே ஒளிவிட்டு இந்த மெல்லிய ஒளியை மூழ்கடித்துவிடும். லேசர் மிஞ்சினால் துணுக்கு கருகும். உடம்பின் ஆழத்துக்கு ஒளி போகாது. முக்கியமாக, இது காட்டுமேயொழிய வியாதியைத் தீர்க்காது. நாளைக்கு எவனாவது "ராமன் ஒளித் தைலம்" என்று புட்டி தூக்கிக்கொண்டு வந்தால், எந்த எண்ணில் எதைக் கண்டாய் என்று கேளுங்கள்.