கேபிலரி டியூபும் ஒரு குழந்தையின் மூச்சும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



1972-இல் இதே கல்லூரியின் பிசிக்ஸ் லேபில் கேபிலரி டியூபைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தவன் நான். தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு வரவில்லை. பக்கத்து மேஜைக்காரன் ரெக்கார்டைப் பார்த்து எழுதினேன். அவர் இப்போது முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்! "டாக்டருக்குப் படிக்கப் போறவனுக்கு இது எதுக்கு சார்?" என்று கேட்டேன். சார் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. பதில் பதினோரு வருஷம் கழித்துக் கிடைத்தது.

1983. குழந்தை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். ஏழரை மாதத்தில் பிறந்த ஒரு ஆண் குழந்தை. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு உள்ளே குழிந்தது, முனகிக்கொண்டே இருந்தது. ஆக்சிஜன் வைத்தோம். இரண்டாம் நாள் விடியற்காலையில் அடங்கிவிட்டது.

காரணம், நான் காப்பியடித்த அதே பாடம். நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றறைகளுக்குள் ஒரு ஈரப்படலம் இருக்கிறது. அதன் பரப்பு இழுவிசை அறைகளைச் சுருக்கி மூடப் பார்க்கும். மூட விடாமல் தடுப்பது, சோப்பு போல இழுவிசையைக் குறைக்கும் சர்ஃபேக்டன்ட் என்ற பொருள். கருவில் அது போதுமான அளவு சேர 34, 35 வாரம் ஆகும். அதற்கு முன்பே பிறந்தால் மூச்சை விடும்போதெல்லாம் அறைகள் ஒட்டிக்கொள்ளும். பலூனில் முதல் ஊதல்தானே கஷ்டம்? அந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சுமே முதல் ஊதல்.

1959-இல் அமெரிக்காவில் மேரி எலன் ஏவரி, ஜெர் மீட் இருவரும் இந்தக் குறையைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஆனாலும் 1963-இல் ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, 39 மணி நேரத்தில் இந்நோயால் இறந்தான். அன்று மருந்து இல்லை.

வழி ஆட்டுக்குட்டியிடமிருந்து வந்தது. நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரில், கிரகாம் லிகின்ஸ் பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று ஆடுகளில் ஆராய்ந்தார். கருவிலேயே ஸ்டீராய்டு கொடுத்த குட்டி குறைமாதத்தில் பிறந்தது. பிழைக்கவே கூடாத அது மூச்சு விட்டது! நுரையீரல் முந்தியே பக்குவப்பட்டிருந்தது. பிறகு ராஸ் ஹவியுடன் சேர்ந்து 282 தாய்மார்களிடம் சோதித்தார். எதிர்பாராமல் முன்கூட்டியே வலி கண்டவர்களின் குழந்தைகளில், ஊசி போடாத பக்கம் பிறந்த சில நாளில் நூற்றுக்குப் பதினைந்து இறந்தன. போட்ட பக்கம் மூன்று. வெளியான வருஷம், நான் லேபில் முழித்த அதே 1972.

இப்போது என்னை உறுத்துவதைச் சொல்கிறேன். அந்தத் தாய் பிரசவத்துக்கு இரண்டு நாள் முன்பே வலியோடு வந்து படுத்திருந்தார். அந்த ஊசி எங்கள் வார்டு அலமாரியிலேயே இருந்தது, ஆஸ்துமாவுக்காக. யாரும் போடவில்லை. யாரையும் குறை சொல்ல வரவில்லை. நானும் அதைப் படித்திருக்கவில்லை. அமெரிக்காவிலேயே 1994-இல்தான் நிபுணர்கள் கூடி, இதைப் பரவலாகக் கொடுங்கள் என்றார்கள். இடையில் 22 வருஷம்!

ஊசி மட்டும் போதாது என்பதும் பின்னால் தெரிந்தது. நம் நாடும் சேர்ந்த ஆறு நாடுகளில், கிராமப்புறங்கள் வரை இதைப் பரப்பிப் பார்த்த ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. வாரக் கணக்கு நிச்சயமில்லாத இடங்களில் பலன் இல்லை. மொத்தத்தில் குழந்தை மரணம் சற்றுக் கூடியது. 2020-இல் வந்த உலக சுகாதார நிறுவன ஆய்விலும் இந்தியா உண்டு. அங்கே ஸ்கேனில் வாரம் பார்த்து, நல்ல பராமரிப்புள்ள ஆஸ்பத்திரிகளில் கொடுத்தார்கள். மரணம் நூற்றுக்கு 23.5-இலிருந்து 19.6 ஆகக் குறைந்தது.

ஆகவே வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் கடைசி மாதவிலக்குத் தேதியைக் குறித்து வையுங்கள்; ஆரம்பத்திலேயே ஸ்கேன் எடுங்கள். முன்கூட்டி வலி வந்தால், "பொய் வலிதான், காலையில பார்த்துக்கலாம்" என்று உட்காராதீர்கள். அந்த ஊசி வேலை செய்ய அவகாசம் வேண்டும்.

மாணவச் செல்வங்களே, "இது எதுக்கு சார்?" என்று தாராளமாகக் கேளுங்கள். ஆனால் பதில் வரும்வரை படிப்பை விடாதீர்கள். நான் விட்ட ஒரு பக்கத்தின் விலை எனக்குத் தெரியும்.