மெய்நிகர் வட்டுகளுக்கு வரம்பிடுதல்: முட்டம் கருத்தரங்கின் தலைமை உரை

முட்டத்தில் கூடியுள்ள இந்த அவை ஆராய எடுத்துக்கொண்ட பொருள், லினக்ஸ் இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல், மெய்நிகர் வட்டுகளின் எண்ணிக்கைக்கு இடும் வரம்பும் அவ்வரம்பைக் கூட்டவோ குறைக்கவோ உள்ள உரிமையும் ஆகும். தகவலைக் குறித்த அளவுள்ள துண்டங்களாகப் படித்தும் எழுதியும் தரும் சாதனம் பிளாக் டிவைஸ் எனப்படும். தொட்டுப் பார்க்கத்தக்க தட்டு ஏதுமின்றி, ஒரு கோப்பையோ நினைவகத்தின் ஒரு பகுதியையோ வலையில் தொலைவிலுள்ள சேமிப்பையோ கெர்னல் வட்டாகக் காட்டினால் அது மெய்நிகர் வட்டாகிறது. இவை முறையே லூப், ராம்டிஸ்க், என்பிடி எனப் பெயர் பெறும்.

சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸை, கணினியில் நிறுவாமலே டிவிடியிலிருந்து இயக்கிப் பார்க்க முடிந்ததற்கு லூப் ஒரு முக்கியக் காரணம். இயங்குதளம் முழுவதையும் சுருக்கி ஒரே கோப்பாக்கி, அக்கோப்பை வட்டாகக் காட்டுவதே அதன் நுட்பம். பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் அறியாமலே அந்த வட்டு உழைத்தது.

முட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒவ்வொரு விசைப்படகும் பதிவெண் தாங்கி நிற்பதுபோல, கெர்னலில் ஒவ்வொரு வட்டும், தன் வகையைக் காட்டும் பேரெண், அவ்வகைக்குள் தன்னைப் பிரித்துக் காட்டும் சிற்றெண் என்னும் இரண்டைத் தாங்குகிறது. லூப் வட்டுகளின் பேரெண் 7. பழைய கெர்னலில் சிற்றெண்ணுக்கு 8 பிட் இடமே இருந்ததால் 256 வட்டுகளுக்கு மேல் எண்ணிட வழியில்லை. இயல்பாகக் கிடைத்தவையோ 8 மட்டுமே. ஒன்பதாவது தேவைப்பட்டவர், மேக்ஸ்_லூப் என்னும் அளவுருவை மாற்றி, அந்த நிரல்கூற்றை மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. 2003 இறுதியில் வெளிவந்த 2.6 கெர்னல் சிற்றெண்ணை 20 பிட்டாக விரித்து 10,48,576 எண்களுக்கு இடம் தந்த பின்னும், லூப் நிரலில் 256 என்னும் பழைய உச்சம் 2007 வரை நீடித்தது. தேவை மறைந்த பின்னும் வரம்பு எஞ்சி நின்ற இச்செய்தி ஆழ்ந்து எண்ணத்தக்கது.

2007இல் அம்முறை மாறியது: அளவுரு தரப்படாவிடில் 8 வட்டுகள் முன்கூட்டியே அமைந்து, மற்றவை கேட்கும்போது உருவாகும்; தரப்பட்டால் அந்த எண்ணே கடும் வரம்பாகும். 2011இல் வெளிவந்த 3.1 கெர்னல், வட்டைச் சேர்க்கவும் நீக்கவும் தனிக் கட்டுப்பாட்டு வாயிலையும் அளித்தது. உபுண்டுவில் ஒவ்வொரு ஸ்னாப் பொதியும் ஒரு லூப் வட்டைப் பிடித்துக்கொள்ளும் இக்காலத்தில், அம்மாற்றம் இல்லையேல் சாதாரண மேசைக் கணினியே முடங்கியிருக்கும். எனினும் விரிந்த இடமும் விலையின்றி வருவதன்று: ஒவ்வொரு வட்டுக்கும் 15 பகுதிகள் வேண்டுமெனில் சிற்றெண்ணில் 4 பிட் அதற்கே போக, வட்டுகளுக்கு எஞ்சுவது 65,536 எண்களே.

ஆதலின் வரம்பே வேண்டாமென்பது இவ்வுரையின் கருத்தன்று; வரம்பை இடுபவர் நிரல் எழுதியவராக இல்லாமல் கணினியைப் பேணுபவராக இருத்தல் வேண்டும் என்பதே அது. அந்த உரிமையும் இன்னும் அரைகுறையாகவே உள்ளது. கல்லூரி ஆய்வகமொன்றில் ஒரே கெர்னலின் மீது பல கன்டெய்னர்கள், அதாவது தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பயனர் வெளிகள், இயங்கும்போது, கோப்புகளும் செயல்முறைகளும் பிரிக்கப்பட்டிருக்க, லூப் வட்டுகளின் எண் வரிசை மட்டும் அனைவருக்கும் பொதுவாகக் கிடக்கிறது. மேக்ஸ்_லூப் கணினி முழுமைக்கும் ஒன்றே. மாணவர் ஒருவருக்கு இத்தனை என்று பகிர்ந்தளிக்க அதனால் இயலாது. இப்பகிர்வைக் கெர்னலுக்குள் எவ்விடத்தில் அமைப்பது என்னும் வினாவுக்கே கருத்தரங்கின் முதல் அமர்வு ஒதுக்கப்பட வேண்டும்.