யாருடைய வாழ்க்கைச் செலவு?

(பெங்களூருவில் தமிழ்த் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



உலக நகரங்களின் வாழ்க்கைச் செலவை ஒப்பிட்டு மெர்சர் என்னும் பன்னாட்டு நிறுவனம் பட்டியல் வெளியிடுவதுண்டு. அதற்கு நியூயார்க் நகரமே அளவுகோல். கம்பெனிகள் அயல்நாட்டுக்கு அனுப்பும் அதிகாரிகளின் ஊதியத்தை நிர்ணயிக்கவே அது பயன்படுகிறது. பீனியாவின் பட்டறைத் தொழிலாளியும் வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்ணும் அக்கணக்கில் இல்லை.

உழைப்போரின் பக்கம் நின்று சென்னையையும் பெங்களூருவையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். சென்னை மெட்ரோவின் உச்சக் கட்டணம், சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய 2021 பிப்ரவரியில் 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பெங்களூருவிலோ 2025 பிப்ரவரியில் அது 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மக்களின் எதிர்ப்புக்குப் பின் சில தூரங்களுக்குக் கட்டணம் குறைந்தது. 90 ரூபாய் உச்சம் நீடித்தது.

உச்சக் கட்டணத்தில் நாள்தோறும் சென்று திரும்புபவருக்கு 26 வேலைநாட்களில் ஏறிய கூடுதல் சுமை 1,560 ரூபாய். போராடிப் பெற்ற ஊதிய உயர்வு பயணச்சீட்டு வாங்குமிடத்திலேயே பறிபோகிறது.

இரண்டுமே மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனங்கள்தாம். எனவே, கட்டணம் என்பது இயற்கை விதியன்று, அரசியல் முடிவு. தமிழ்நாட்டில் 2021 முதலும் கர்நாடகத்தில் 2023 முதலும் அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் இருப்பதும் இதையே மெய்ப்பிக்கிறது.

மலிவான பொதுப் போக்குவரத்து, குடிநீர், வீட்டுவசதி ஆகியவையும் கூலியின் பகுதியே. ஊதியத்துக்கான போராட்டத்தை இவற்றுக்கான போராட்டத்தோடு தொழிற்சங்கங்கள் இணைத்தாக வேண்டும்.