மலை ஒப்பும் கட்டடம்



பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தில் கவிதையைப் பற்றிப் பேசத் தகுதியுடையோர் பலர் இருக்கிறீர்கள். நான் ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேச விழைகிறேன். பழையதை இழந்தபின் புதியதை எவ்வாறு எழுப்புவது என்னும் வினா, கட்டடக் கலைஞனுக்கும் கவிஞனுக்கும் பொதுவானது அன்றோ?

சுவிட்சர்லாந்தின் கிழக்கே கிரௌபுண்டன் என்னும் மலை மாநிலம் உள்ளது. அங்கே, சும்விட்ச் ஊரைச் சேர்ந்த ஒரு சிற்றூரின் முகப்பில், புனித பெனடிக்ட் பெயரால் பழைய சிற்றாலயம் ஒன்று நின்றது. 1984ஆம் ஆண்டில் பனிச்சரிவு அதனை அழித்தது. குற்றம் பனியினுடையது மட்டுமன்று. அண்மையில் அமைத்திருந்த வண்டி நிறுத்துமிடம் சாய்தளம் போலாகி, சரிந்து வந்த பனியை ஆலயத்தின்மீது தள்ளிவிட்டது. மலையின் போக்கை எண்ணாது மனிதர் செய்த சிறு மாற்றம், தலைமுறைகள் தொழுத ஒன்றை ஒருநாளில் பறித்துக்கொண்டது.

புதிய ஆலயம் அமைக்கும் பணி பீட்டர் சும்தோர் என்பாரிடம் வந்தது. 1943இல் பிறந்த இவர் தச்சரின் மகன்; தாமும் தச்சுத் தொழில் பயின்றவர்; அம்மாநிலத்தின் பழங்கட்டடப் பாதுகாப்புத் துறையில் பணியாற்றியவர். பழமையை நன்கறிந்த அவர், இடிந்ததை அச்செடுத்தாற்போல் மீண்டும் கட்டவில்லை. இடம் மாறியது: ஊருக்கு மேலே, மேய்ச்சல் நிலத்திற்குச் செல்லும் பழைய பாதையில், காடு பனிச்சரிவைத் தடுத்துக் காக்கும் இடம். பொருள் மாறியது: மரம். வடிவமும் மாறியது: இலை போன்ற தரையமைப்பு, கூரையின் அடியில் சுற்றிலும் சாளரங்கள், ஒளி மேலிருந்து இறங்கும்.

ஊராட்சியினர் கட்டட அனுமதியைத் தந்தனர். ஆனால், மனம் ஒப்பாமலே தருவதாகத் தம் ரோமான்ஷ் மொழியில் குறித்து அனுப்பினர். அவர்களைக் குறைகூற நான் துணியேன். இழந்தவர்க்கு இழந்ததே வேண்டும்; அது மனித இயல்பு. ஆயினும் டிசென்டிஸ் மடத்தின் தலைவரும் துறவியரும், வருந்தலைமுறைக்குத் தம் காலத்தின் படைப்பையே விட்டுச்செல்ல விரும்பினர். 1988இல் ஆலயம் திறக்கப்பெற்றது.

அதன் புறச்சுவரை லார்ச் மரத்தின் சிறு சில்லுகள் போர்த்தியுள்ளன. வெயில் படும் தென்புறம் கருத்தது. வடபுறம் வெள்ளிச் சாம்பல் நிறம் கொண்டது. அம்மலைப்பகுதியின் பழைய மரவீடுகளும் இவ்வாறே முதிர்பவை. தோற்றத்தால் உறவு கொண்டாடாத கட்டடம் முதுமையால் உறவாயிற்று.

அதே மாநிலத்து வால்ஸ் ஊரில், 1996இல் அவர் அமைத்த வெந்நீர்க் குளியலகம் திறக்கப்பெற்றது. அவ்வூர் ஊற்றுநீர், அவ்வூர்க் கல், ஏறத்தாழ 60,000 கற்பலகைகள், கூரைமேல் புல். ஊராரே முன்னின்று எழுப்பிய அது, இரண்டே ஆண்டுகளில் பாதுகாக்கப்பட்ட கட்டடமாயிற்று. 2012இல் ஊரார் வாக்களித்து அதனைத் தனியாருக்கு விற்றனர். அதன் அருகே 381 மீட்டர் உயர விடுதிக் கோபுரம் எழுப்பும் திட்டம் 2015இல் வெளிவந்தது. மலையை எதிரொளிக்கும் மேற்பரப்பால் அது மலையோடு கலந்துவிடும் என்றனர். அக்கோபுரம் இன்றளவும் எழவில்லை. மலையைக் காட்டும் கண்ணாடி வேறு. மலைக்குரிய கட்டடம் வேறு.

கவிஞர்களே! நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வைத்த மரபினர் நாம். அந்த ஆலயம் தன் நிலத்திற்குப் பணிந்தது. தன் காலத்தையும் மறைக்கவில்லை. முன்னோர் வடிவைப் படியெடுப்பது மரபுக்குச் செய்யும் வணக்கம் ஆகாது. முன்னோர் எங்கே நின்றனர், எதனால் கட்டினர், எதற்கு அஞ்சினர் என்று கற்பதே வணக்கம். அவ்வாறு கற்று எழுதும் புதுக்கவிதையையும் ஊரார் முதலில் மனம் ஒப்பாமல் ஏற்கலாம். வெயிலும் பனியும் தம் வேலையைச் செய்யட்டும், நாம் காத்திருப்போம்.